முதல் சந்திப்புக்கு எண்பது வெள்ளி

குவீன்ஸ்டவுனில் ஒருவர் ஏழு வாரம் தம் வீட்டுச் சமையலறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளித்தார். அதே வீட்டில் புத்தம் புதிய குளியலறை ஒன்று இருந்தது. அதை வரைந்தவள் நான். அவரால் அதற்குள் போக முடியவில்லை. அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது நான் கட்டணம் வாங்காததுதான் அதற்குக் காரணம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

வீடு வரைவது என் தொழில். அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு எந்தச் சுவரை இடிக்கலாம், அடுப்பு எங்கே வரும், அலமாரி எவ்வளவு உயரம் என்று வரைந்து கொடுத்து, வேலைக்கு ஆள் பிடித்து, முடியும்வரை கூடவே நிற்பேன். பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் இதைச் செய்தேன். அங்கே முதல் சந்திப்பு இலவசம் என்று கண்ணாடிக் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். கம்பெனிக்கு அது கட்டுப்படியாகும். வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச ஆள் இருந்தது, ஏர்கான் இருந்தது, கோப்பி இயந்திரம் இருந்தது. வேலையை விட்டுத் தனியாகத் தொடங்கியபோது ஏர்கானும் கோப்பி இயந்திரமும் என்னோடு வரவில்லை. இலவசம் மட்டும் வந்துவிட்டது.

என் வீடு மார்சிலிங்கில். அங்கிருந்து சாங்கிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போய்த் திரும்பினால் அரை நாள் காலி. அப்படி ஒரு தம்பதி வீட்டுக்கு நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் அளந்தேன், வரைந்தேன், அந்த அம்மாள் கேட்டபடி அழித்து மறுபடியும் வரைந்தேன். ஐந்தாவது தடவை அவர்கள் போனை எடுக்கவில்லை. சில மாதம் கழித்து வேறு யாரோ அனுப்பிய கிரகப்பிரவேசப் படத்தில் என் சமையலறை இருந்தது. ஜன்னலுக்குக் கீழே நான் யோசித்து யோசித்து வைத்த மசாலா டப்பா அலமாரி உட்பட. கோபத்தைவிட, நானே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேனே என்ற எரிச்சல்தான் அதிகம்.

இன்னொருவர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். இரண்டு மணி நேரம் தம் வீட்டைப் பற்றிப் பேசினார். பூஜை அறை எந்தத் திசை, வாஷ்பேசின் எந்தத் திசை என்று நாப்கின் தாளில் வரைந்தே காட்டினார். எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது, அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு அவர் இன்னும் விண்ணப்பமே போடவில்லை. அவர் சாப்பிட்ட நெய் ரோஸ்ட்டுக்கும் சேர்த்து நான் எப்படிப் பணம் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம்தான் கட்டணம் வைத்தேன். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் தோழி ஒருத்தி, அவளும் தனியாகத் தொழில் செய்கிறவள், ரொம்ப நாளாகவே திட்டிக்கொண்டிருந்தாள். "டாக்டர் ஃபர்ஸ்ட் டைம் பாக்குறதுக்கு ஃப்ரீயாவா பாக்குறாரு? நீ வீட்டப் பாக்குற. அவ்வளவுதான் லா," என்றாள். டாக்டரோடு என்னை ஒப்பிட்டது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

முதல் சந்திப்புக்கு எண்பது வெள்ளி, அதாவது எண்பது டாலர், ஒன்றரை மணி நேரம், வேலையை என்னிடமே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி வைத்துக்கொண்டேன். விசாரித்தவர்களுக்கு அதையே அனுப்பினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் வேறு மாதிரி மனிதர்களாக இருந்தார்கள். வீட்டு வரைபடத்தை முன்கூட்டியே அனுப்பினார்கள். சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறந்தார்கள். தொலைக்காட்சியை அணைத்தார்கள்.

நானும் மாறினேன். பணம் வாங்கிக்கொண்டு சும்மா சுவரை அளந்துவிட்டு வரக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒரு தாளில் கேள்விகள் தயார் செய்தேன். யார் சமைப்பார்கள், கை எவ்வளவு உயரம் எட்டும், யாருக்கு இடக்கைப் பழக்கம், யாரால் குனிய முடியாது, இன்னும் ஐந்து வருடத்தில் இந்த வீட்டில் யாருக்காவது நடமாட்டம் குறையுமா, குளிக்கும்போது உதவி தேவைப்படுமா, உதவுவது யார். இப்படி இருபத்தாறு கேள்விகள். முகம் தெரியாத மனிதர்களிடம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் கேட்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. எண்பது வெள்ளி கொடுத்தவர்களும் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழ் வீடுகளில் மட்டும் அந்த நான்கு வரியை என்னால் சொல்ல முடியவில்லை.

காரணம் கேட்டால் மரியாதை என்று அப்போது சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. தமிழர் ஒருவர் போன் செய்தால் வீட்டைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் யார் மூலமாக என் நம்பர் கிடைத்தது, நான் எந்த ஏரியா, எந்தக் கோயிலுக்குப் போவேன், என் மாமியார் பக்கம் யார். இதற்குள் எப்படியோ ஒரு சொந்தம் கிளம்பிவிடும். இல்லாவிட்டால் 'நம்ம பொண்ணு' என்றாவது ஆகிவிடுவேன். அதன்பிறகு எண்பது வெள்ளியை எந்த வாயால் கேட்பது? வீட்டுக்குப் போனால் டீ வரும், வடை வரும். டீயைக் குடித்துவிட்டுக் கட்டணம் கேட்டாள் என்று அடுத்த கல்யாணத்தில் நாலு பேர் பேசுவார்கள். எனக்கு அந்தப் பயம். மரியாதை என்பது அதற்கு நான் போட்ட சட்டை.

ஆக, மற்றவர்களிடம் எண்பது வெள்ளி, நம்மவர்களுக்கு இலவசம் என்று யாருக்கும் தெரியாமல் இரண்டு கணக்கு நடந்தது. இலவச வீடுகளைக் கட்டண வீடுகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டேன். அங்கே ஒன்றரை மணி நேரம் என்றால் இங்கே அரை மணி. இங்கே கேள்வித் தாளைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. அது காசு கொடுத்தவர்களுடையது என்று ஒரு நினைப்பு. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நம்மவர்களுக்கு மட்டமானதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

குவீன்ஸ்டவுனில் பழைய பிளாக் ஒன்றில், ஒன்பதாவது மாடியில், தனியாக வாழும் சீனப் பெண்மணி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பது வெள்ளியை அன்றைக்கே அனுப்பிவிட்டார். இருபத்தாறு கேள்விக்கும் பதில் சொன்னார். முழங்கால் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது என்றார், பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரலில். அவர் குளியலறை வாசலில் இருந்த மேட்டை எடுத்துவிட்டுத் தரையைச் சாய்வாக்கினேன், கதவை அகலமாக்கினேன், சுவரில் கைப்பிடி வைத்தேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாளிடம் என் நம்பரைக் கொடுத்தார்.

அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாங்கியில் சரக்கு அலுவலகம் ஒன்றில் ஷிஃப்ட் வேலை. போனில் பேசிய ஐந்தாவது நிமிடத்தில் நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை வாம்மா என்றார். அதோடு கட்டணப் பேச்சு செத்தது.

நான் போனது இரண்டு கட்டண வீடுகளுக்கு இடையில். கையில் அரை மணி நேரம் இருந்தது. அக்கா விளக்கேற்றி வைத்திருந்தார். கூடத்தில் டீயும் பருப்பு வடையும் தயாராக இருந்தன. கணவர் வீட்டில் இல்லை.

"அவர் ஆஸ்பத்திரில மா. சுகர். கால்ல புண்ணு ஒண்ணு, ஆற மாட்டேங்குது. அவர் வர்றதுக்குள்ள பாத்ரூம செஞ்சு வெச்சிடலாம்னு," என்றார்.

"சீக்கிரம் சரியாயிடும் அக்கா. நல்லபடியா வந்துடுவாரு," என்றேன்.

"ஆமா மா," என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். சீனப் பெண்மணியிடம் கேட்ட அதே கேள்வியை இங்கே கேட்டிருக்க வேண்டும். நடமாட்டம் குறையுமா? விளக்கு எரிகிற வீட்டில், கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை எந்தத் தமிழ்ப் பெண் கேட்பாள்? வாயில் நல்ல வார்த்தை வர வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். நான் நல்ல வார்த்தை சொன்னேன். அவர் ஆமாம் சொன்னார். பிறகு குளியலறையை அளந்தேன். வடை நன்றாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

வரைந்தது எல்லோருக்கும் பிடிக்கிற குளியலறை. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் நாலங்குலக் கட்டை, நடுவில் கண்ணாடித் தடுப்பு, சாம்பல் நிற டைல்ஸ். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. அக்கா போனில் படம் எடுத்து ஆஸ்பத்திரியில் இருந்த கணவருக்கு அனுப்பினார். அவர் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்ததை என்னிடம் காட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஐந்து வாரம் எதுவும் தெரியாது. ஒரு நாள் சீனப் பெண்மணியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இடது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார், அவருக்கு ஏன் அப்படிக் குளியலறை கட்டினாய், எனக்குக் கட்டியதைப் போல ஏன் கட்டவில்லை என்று கேட்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தார்.

அன்று மதியமே போனேன். எம்ஆர்டி ரயிலில் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லையே அக்கா என்று தொடங்குவதாக இருந்தது.

அக்காவின் கணவர் கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். முன்பு லாரி ஓட்டியவர், அகலமான தோள். "வாங்க தங்கச்சி," என்று சிரித்தார். சமையலறையில் இயந்திரத்தின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, குழாயில் மாட்டிய ரப்பர் பைப். கயிற்றில் ஒரு பழைய திரைச்சீலை. கழிவறைத் தேவைக்கு ஆஸ்பத்திரியில் வாங்கிய தனி நாற்காலி அறைக்குள் இருந்தது. என் குளியலறைக் கதவு திறந்திருந்தது. தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. உள்ளே வெங்காய மூட்டையும் அரிசிப் பையும் வைத்திருந்தார்கள்.

வெட்கமாக இருந்தது. தொழிலில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அக்கா ஷிஃப்டுக்குப் போகத் தயாராக இருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் இருந்தது. என் தாள்தான், சீனப் பெண்மணியின் பதில்களோடு.

"அவங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருந்தாங்க. நான்தான் வாங்கிட்டு வந்தேன். இத ஏன் மா எனக்குக் குடுக்கல?" என்றார்.

நான் ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. "அவங்ககிட்ட அதுக்குக் காசு வாங்குவேன் அக்கா. உங்ககிட்ட எப்படி வாங்குறது, நம்ம ஆளுங்கன்னு..."

"எவ்வளவு?"

"எண்பது வெள்ளி."

அக்கா அந்தத் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். "டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு மா, காலு தங்காதுன்னு. என் வாயால சொல்ல எனக்கு மனசு வரல. சொன்னா நடந்துடும்னு ஒரு இது. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இதுல இருக்கே, ஒம்போதாவது கேள்வி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பக் கட்டிக் கொடுக்கிறேன், ஒரு காசும் வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"ஃப்ரீயா வேணாம்," என்றார் அக்கா. "ஒடைக்கிற செலவு, கட்டுற செலவு நீங்க பாத்துக்குங்க, அது நாயம். ஆனா இந்தக் கேள்விங்க சும்மா வேணாம்." கைப்பையைத் திறந்து எண்பது வெள்ளியை எடுத்து மேசையில், என் பக்கமாக வைத்தார். "மொதல்லேருந்து கேளுங்க. அவங்களுக்குக் கேட்ட மாதிரி. நான் லீவு சொல்லிக்கிறேன்."

போனில் விடுப்புச் சொல்லிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். டீ வரவில்லை. நான் அந்தப் பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதை எடுக்கச் சிரமமாக இருந்தது; எடுத்த பிறகு கேட்பது சிரமமாக இல்லை. அதற்கப்புறம் தமிழர், மற்றவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் வாங்குகிறேன், டீக்கு முன்னால், போனிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டொரு கல்யாணத்தில் என்னைப் பற்றிப் பேசினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

அன்று அந்த மேசையில் புதிய தாள் ஒன்றை எடுத்து முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். யார் சமைப்பார்கள், யார் எத்தனை மணிக்கு எழுவார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கணவர் நடுநடுவே திருத்தினார். ஒன்பதாவது கேள்வியை நான் கேட்டபோது அக்கா தலையை நிமிர்த்தி, "குறையும். இன்னொரு காலுலயும் ரத்த ஓட்டம் கம்மின்னு சொல்லியிருக்காங்க," என்றார். எழுதிக்கொண்டேன். கணவர் அக்காவைப் பார்த்தார். அது அவருக்குப் புதுச் செய்தியா, அவரும் தெரிந்து வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தாவது கேள்வி, குளிக்கும்போது உதவி தேவைப்படுமா, உதவுவது யார் என்பது.

"நான்தான்," என்றார் அக்கா. "இப்பவும் நான்தான் ஊத்தி விடுறேன்."

"அவர்கிட்டயும் கேக்கணும் அக்கா," என்றேன். கட்டண வீடுகளில் அப்படித்தான் வழக்கம், குளிக்கிறவரிடமே கேட்பேன். அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்களுக்கு எப்படி இருந்தா சௌகரியம்?" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நானே குளிச்சிக்கணும் தங்கச்சி," என்றார். "அவ கையாலயே தேய்ச்சு விடுறா, பாவம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. ஆனா வெட்டுன அந்தக் கால அவ பாக்குறது எனக்குப் புடிக்கல. ஒரு நாளும் புடிக்கல."

அக்கா எழுந்தார். பிறகு வெளிக்கதவைத் திறந்து நடைபாதைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கைப்பிடிச் சுவரோரம் நின்றார். கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. அடுத்த கேள்விக்குப் போவதா, தாளை மடித்து வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடுங்க மா. அவர் கைக்கு எட்டுற மாதிரி."